உங்கள் தெருவை யாரும் அளக்கவில்லை

போகி நெருங்கினால் எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்துவிடும். சென்னை வரைபடத்தின்மேல் பச்சை, மஞ்சள், சிவப்பு பூசியிருக்கும். கீழே ஒரு வரி: "நம்ம தெரு பச்சை, பயப்படாம வாக்கிங் போகலாம்." போன வருடம் ஒரு தரகர் இதே படத்தைக் காட்டி வீடு விற்கப் பார்த்தார். காற்று மாசுக்கான கணினி மாதிரிகளை ஓட்டி, இப்படிப்பட்ட படங்களை வரைவதுதான் என் தொழில். அந்த உரிமையில் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன்: உங்கள் தெருவை யாரும் அளக்கவில்லை.

மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். இடைவிடாமல் அளக்கும் அரசு நிலையங்களோ மணலி, ஆலந்தூர், வேளச்சேரி, கொடுங்கையூர், அரும்பாக்கம், பெருங்குடி, ராயபுரம் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்ற இடங்களில் நீங்கள் பார்க்கும் நிறம் வெறும் கணக்கு. ஒரு நிலையத்தில் மாசு அளவு 30, இன்னொன்றில் 90 என்றால், சரிபாதி தூரத்தில் இருக்கும் தெருவுக்கு மென்பொருள் 60 என்று போட்டுவிடும். அந்தத் தெருவில் டயர் எரிந்தாலும் 60தான். தோப்பு இருந்தாலும் 60தான்.

இந்த வகைக் கணக்கில் பேர்போனது கிரிகிங். தென்னாப்பிரிக்கச் சுரங்கப் பொறியாளர் டேனி கிரிக்கின் பெயரால் வந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துளைபோட்டு எடுத்த மாதிரிகளை வைத்துப் பாறைக்குள் எவ்வளவு தங்கம் இருக்கும் என்று மதிப்பிடப் பிறந்த முறை. தங்கம் வைத்த இடத்தில் இருக்கும். புகை இருக்குமா? கடல்காற்று திரும்பினால் மதியத்துக்குள் படமே மாறிவிடும்.

உங்கள் கையில் உள்ள படம் எப்படி வரைந்தது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. நிலையங்களைச் சுற்றி, குளத்தில் கல் எறிந்ததுபோல வட்டம் வட்டமாக நிறம் விரிந்தால், அது தூரத்தை மட்டும் வைத்து நிரப்பிய படம். நிஜப் புகை காற்றடிக்கும் பக்கம் வால்போல நீளும். சில செயலிகள் ஐரோப்பாவின் காம்ஸ் உலக மாதிரியை எடுத்துப் போடுகின்றன. அதில் ஒரு கட்டத்தின் அகலம் சுமார் 40 கிலோமீட்டர். விரலால் எவ்வளவு பெரிதாக்கினாலும் அதற்குள் உங்கள் தெரு கிடைக்காது.

"சாட்டிலைட் பார்க்குது சார்" என்பார்கள். சென்டினல்-5பி பகல் ஒன்றரை மணி வாக்கில் கடந்து போகிறது. போகி கொளுத்துவது விடியற்காலையில்.

"இரண்டு செயலி இரண்டு நிறம் காட்டுது, எல்லாமே பொய்" என்பதும் தப்பு. பி.எம். 2.5 எனும் நுண்துகளின் அளவு ஒரு கனமீட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்றால் இந்தியக் குறியீட்டில் 'திருப்திகரம்', அமெரிக்கக் குறியீட்டில் ஆரஞ்சு. அளவு ஒன்றுதான், அளவுகோல்தான் வேறு. நிறத்தை விட்டுவிட்டு மைக்ரோகிராமைப் படியுங்கள்.

செயலியை நம்பி ஏமாந்தால் ஒரு நாள் இருமலோடு போகலாம். தொழிற்சாலைகளுக்கான சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையில் வரும் படம் அப்படியல்ல. அதை வைத்துத்தான் அனுமதியே கிடைக்கிறது. அந்தப் படத்தில் உள்ள சமச்செறிவுக் கோடுகள் பெரும்பாலும் ஒரே பருவத்து மூன்று மாதக் காற்றை வைத்து ஏர்மாட் மாதிரியில் வரைந்தவை. எண்ணூர் போன்ற கடற்கரையில், உயரே போன புகைபோக்கிப் புகையைச் சூடான நிலத்தின்மேல் எழும் கொந்தளிப்பு தரைக்கு இழுத்து வந்துவிடும். ஏர்மாட்டில் அந்தக் கணக்கே இல்லை. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் இதை யார் சொல்கிறார்கள்?

எனக்கு வெகுநாளாக ஒரே கோரிக்கை. அறிக்கையில் படத்தை ஒட்டினால் போதாது. மாதிரிக்குக் கொடுத்த காற்றுத் தரவு, புகைபோக்கியின் உயரம், வெளியேறும் அளவு, ஏர்மாட் துப்பிய எண்கள் எல்லாவற்றையும் கோப்பாகவே பொதுவில் வைக்க வேண்டும். ஏர்மாட்டும் இலவசம், வரைபடம் போடும் கியூஜிஐஎஸ் மென்பொருளும் இலவசம். கோப்பு கையில் கிடைத்தால், எண்ணூர் காட்டுக்குப்பத்துக் கல்லூரிப் பெண் ஒருத்தி அதே கணக்கை வருடம் முழுவதற்குமான காற்றுத் தரவோடு ஓட்டி, தன் வீட்டு வாசலில் எவ்வளவு என்று கூட்டத்திலேயே கேட்டுவிடுவாள்.