பக்கத்தில் யார் உட்காரலாம்?

கேள்வி: எனக்கு 16 வயது. எங்கள் வீட்டிலேயே தங்கியிருக்கும் தாய்மாமா என்னிடம் நடந்துகொண்ட விதத்தை வகுப்பு டீச்சரிடம் சொன்னேன். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கெஞ்சியும் அவர் புகார் கொடுத்துவிட்டார். மகளிர் காவல் நிலையத்திலிருந்து விசாரிக்கப் போகிறார்களாம். "ஒண்ணும் நடக்கலைன்னு சொல்லிடு" என்கிறார் அம்மா. அவர் பக்கத்தில் இருந்தால் எனக்கு வாயே வராது. அத்தையைக் கூட்டிப் போகலாமா? என்னை ஹோமில் சேர்த்துவிடுவார்களா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தமிழ்நாடு

பதில் தருபவர், குழந்தைகள் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்:

தாராளமாக அத்தை வரலாம். நீ ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதுகூட இல்லை. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி உன் வாக்குமூலத்தை வீட்டிலோ நீ விரும்பும் இடத்திலோ வாங்கலாம். அத்தை வீட்டுக்கே வரச் சொல். வரும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. கூடியவரை சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத பெண்ணாக இருக்க வேண்டும். என்ன காரணமானாலும் இரவில் உன்னை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது.

உடன் இருப்பவர் பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் அடம்பிடிக்கவில்லை. நீ நம்பும் யாரும் இருக்கலாம். ஆனால் பழக்கதோஷத்தில் அம்மாவைத்தான் உட்கார வைப்பார்கள். அதனால் முன்கூட்டியே போனில் சொல்லிவிடு: "அம்மா வெளியே இருக்கட்டும், அத்தை என்னோடு இருக்கட்டும்."

எழுதியதைப் படித்துக் காட்டச் சொல். நீ சொன்னபடியே பதிவாக வேண்டும். எங்கே தொட்டார் என்று நீ சொன்னது, தாளில் "தவறாக நடக்க முயன்றார்" என்று பூசி மெழுகப்பட்டிருந்தால் திருத்தச் சொல். நீதிமன்றத்தில் அந்த ஒரு வரிக்காக மணிக்கணக்கில் வாதாடுவார்கள்.

டீச்சர் மேல் கோபப்படாதே. தெரிந்தும் மறைத்தால் அவர் மேலேயே வழக்கு வரும்.

இனி ஹோம். குற்றம் சாட்டப்பட்டவர் அதே வீட்டில் இருப்பதால் 24 மணி நேரத்துக்குள் உன்னைக் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்துவார்கள். எங்கே நீ பாதுகாப்பாக இருப்பாய் என்று குழு 3 நாளில் முடிவு செய்யும். உன் விருப்பத்தையும் அவர்கள் கணக்கில் எடுத்தாக வேண்டும். ஹோம் கடைசி வழிதான். "அத்தையோடு இருக்கிறேன்" என்பதை அங்கே தெளிவாகச் சொல். அத்தையும் கூடவே வந்து சம்மதம் சொல்லட்டும். வழக்கு முடியும்வரை துணைக்கு வர ஆதரவு நபர் ஒருவரையும் அதே குழுவிடம் கேள். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக ஏற்பாடு செய்யும்.

அதற்குள் வீட்டில் இருக்கவே பயமாக இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடு. நடு ராத்திரியிலும் எடுப்பார்கள்.