கதைமாந்தரும் கம்பனிப் பங்கும்

சென்ற தவணை விடுமுறையில், நம்மிடம் பயின்று இன்று இலண்டனில் வாழும் பழைய மாணவர் ஒருவர் நமக்கு மடலொன்று விடுத்திருந்தார். பழம்பெருங் கதைமாந்தர் சிலரின் உரிமையைக் கைக்கொண்ட தனியார் கம்பனியொன்றில் பங்கு வாங்க அழைப்பு வந்துள்ளதாம். ஓய்வுபெறும்போது கிடைத்த பணிக்கொடையின் பெரும்பகுதியை அதிலே இடலாமா என்பது அவர் வினா. தமிழாசிரியரிடம் கேட்கத்தக்க வினாவோ இஃது என முதலில் நகைத்தோம். சிந்தித்தவிடத்து, இதுவும் சொற்பொருளாராய்ச்சியே எனக் கண்டோம். உரிமை, காலம், தனியார் கம்பனி என்னும் மூன்றன் பொருளையும் தெளிந்தார்க்கு விடை தானே புலனாகும். மாணவர்க்கும் பயன்படுமெனக் கருதி அவருக்கு எழுதியதை ஈண்டு விரித்துரைக்கின்றோம்.

உரிமை

கதையொன்றைப் படைத்தானுக்கு அது தேடியதேட்டம். அவன் மக்களுக்கு முதுசொம். காணியைப் போலவே அதனையும் விற்கலாம், குத்தகைக்கு விடலாம், கூறுபடுத்தலாம். 1938 இல் ஜெரி சீகல், ஜோ சுஸ்ரர் என்னும் அமெரிக்க இளைஞர் இருவர் தாம் படைத்த சுப்பர்மானின் உரிமையை 130 டொலருக்கு விற்றுவிட்டனர். அவ்வீரன் பிறர்க்குப் பெருஞ்செல்வம் ஈட்டினான், படைத்தவரோ வறுமையுற்றனர். 1975 இலேயே அவர்களுக்கு ஆண்டுதோறும் உதவிப்பணம் வழங்க உரிமையாளர் இசைந்தனர். கதைமாந்தரின் புகழ் வேறு, அப்புகழின் பயனைத் துய்ப்பார் வேறு என்பது இதனாற் பெறப்படும்.

மேலும், ஒரே கதைமாந்தரின் உரிமை பலர் கையிற் பிரிந்து கிடத்தலும் உண்டு. ஜேம்ஸ் பொண்டைப் படைத்த இயன் பிளெமிங்கின் நூலுரிமை ஒரு கம்பனியிடத்தது. திரைப்பட உரிமையோ 1961 இலேயே பிறரிடம் சென்றது. நூலுரிமைக் கம்பனியிற் பங்கு வாங்கியவன், படக்கொட்டகையிற் கூட்டம் நெரிவதைக் கண்டு அவ்வருவாயெல்லாம் தனக்கே எனக் களித்தல் ஏமாற்றமாய் முடியும்.

காலம்

காணி என்றும் நிலைக்கும், பதிப்புரிமையோ தவணையுடையது. பிரித்தானியாவிலும் இலங்கையிலும் அது பொதுவாக ஆசிரியரின் ஆயுளும் அதன்மேல் 70 ஆண்டுமாகும். 1930 இல் மறைந்த கொனன் டொயிலின் சேர்லக் ஹோம்ஸ் கதைகள் பிரித்தானியாவில் 2000 ஆம் ஆண்டின் இறுதியோடு பொதுவுடைமையாயின. 1976 இல் மறைந்த அகதா கிறிஸ்ரியின் நூல்கள் அங்கு 2046 இன் இறுதிவரை காக்கப்படும். அமெரிக்காவிற் கணக்கு வேறு. அங்கு 1928 இல் வெளிவந்த மிக்கி மவுசின் முதற்படம் 2024 சனவரி முதலாந் திகதி பொதுவுடைமையாயிற்று. எனினும் பிற்காலத்து உருவங்கள் காப்புடையனவே. வர்த்தகக் குறியாகப் பதியப்பட்ட பெயரும் உருவும் புதுப்பிக்குந்தோறும் நிலைபெறும்.

ஆதலின், இன்னும் ஐந்தாண்டே தவணையுள்ள உரிமைக்கும் நாற்பதாண்டு தவணையுள்ள உரிமைக்கும் ஒரே விலை கொடுத்தல் பேதைமை. வள்ளுவப்பெருந்தகை பொருட்பாலிலே காலமறிதலுக்கெனத் தனியதிகாரம் வகுத்தமையை மாணவர் நினைவுகொள்க.

தனியார் கம்பனி

பங்கு வாங்கியவன் கதைமாந்தரை வாங்கியவனல்லன். கம்பனியின் ஒரு சிறு கூற்றையே வாங்கியவன். பங்கிலாபம் வழங்குவதோ விடுப்பதோ பெரும்பாலும் பணிப்பாளர் கையது. பங்கினை விற்கச் சந்தையில்லை. வாங்குவாரைத் தானே தேடல் வேண்டும். தேடியபின்னும் கைமாற்றத்தைக் கம்பனியின் அமைப்புவிதிகள் தடுத்தல் கூடும். இலங்கையில் 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தின்படி தனியார் கம்பனி பொதுமக்களுக்குப் பங்கு வழங்குதல் ஆகாது; பிரித்தானியச் சட்டமும் அவ்வாறே விலக்குகின்றது. ஆகவே, முன்பின் அறியாதார்க்கெல்லாம் அழைப்பு வருமாயின் அவ்வழைப்பே ஐயுறத்தக்கது.

ஒரு வரலாறு

இம்முதலீடு எஞ்ஞான்றும் தீதென்பதன்று நம் கருத்து. கயானாவிற் கரும்புத் தோட்டங்கள் வைத்திருந்த புக்கர் நிறுவனம் 1964 இற் பிளெமிங்கின் நூலுரிமைக் கம்பனியிலும், 1968 இல் அகதா கிறிஸ்ரியின் கம்பனியிலும் நூற்றுக்கு 51 பங்கை வாங்கியது. தோட்டங்கள் 1976 இல் அரசுடைமையாயின; கதையுரிமை நிலைத்தது. புகழ்பெற்ற புக்கர் பரிசும் 1969 இல் அந்நிறுவனத்தின் ஆதரவிலேயே தோன்றியது. புக்கர் வாங்கியது பாதிக்கு மேற்பட்ட பங்கு என்பதை நோக்குக. ஆட்சி அதன் கையிலிருந்தது.

மறுபுறத்தையும் காண்போம். 1998 இற் கிறிஸ்ரி கம்பனியிற் புக்கருக்கிருந்த பங்கினைக் கோரியன் என்னும் நிறுவனம் வாங்கியது. ஈனிட் பிளைற்றன் படைப்புகளும் அதனிடமிருந்தன. 2006 இல் அது பங்குச் சந்தையினின்று நீங்கித் தனியார் உடைமையாயிற்று. பின்னர்க் கடன்சுமை தாளாது, 2011 இலும் 2012 இலும் அதன் உடைமைகள் கூறுகூறாக விற்கப்பட்டன. கிறிஸ்ரியின் துப்பறிவாளர் புகழ் குன்றினாரல்லர். அவரை உடையவரே கடனில் மூழ்கினர். நற்காணியாயினும் அது கடனுக்கு ஈடாயிருப்பின் பயனென்னை?

முடிவு

எனவே நம் மாணவருக்கு மூன்று வினாக்களை எழுதியனுப்பினோம். எந்த உரிமை, எந்த நாட்டில், எந்த ஆண்டுவரை? ஆசிரியர் கையிலிருந்து கம்பனி கைக்கு அவ்வுரிமை வந்த ஒப்பந்தங்கள் யாவும் உளவோ, அவற்றின்மேற் கடன் உண்டோ? பங்கினை விற்க விரும்பின் வாங்குவார் யார்? காணி வாங்கப் புகும்போது உறுதியும் எல்லையும் ஈடும் பாராது பணம் எண்ணிக் கொடுப்பார் நம் ஊரில் இலர். காணிக்குக் கொள்ளும் எச்சரிக்கை கதைக்கும் வேண்டும். இவற்றுக்கெல்லாம் தக்க விடை கிடைப்பினும், இழந்தால் வாழ்வு தளராத அளவினையே இடுக என்றும் எழுதினோம்.

அவர் அவ்வினாக்களைக் கம்பனியாருக்கு அனுப்பினார். மூன்று கிழமை கழிந்தும் மறுமொழி வரவில்லை என்றும், பணிக்கொடை வங்கியிலேயே உள்ளதென்றும் அண்மையில் நமக்கு அறிவித்தார். வகுப்பிற் சொற்பொருள் கேட்டு நாம் அந்நாளில் அவரைத் துன்புறுத்தியது வீண்போகவில்லை என மகிழ்ந்தோம்.