மாத்திரை சாப்பிடுகிறவரின் வாய் தானாக அசைந்தால்

மாரிக்குப்பத்திலிருந்து காலையில் கிளம்பும் பெங்களூர் ரயிலில், வேலைக்குப் போகிறவர்களோடு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்குப் போகிறவர்களும் உண்டு. 2001 பிப்ரவரி 28-இல் கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்டதிலிருந்து தங்கவயல்காரர்களுக்குப் பிழைப்பும் பெரிய வைத்தியமும் சுமார் 100 கிலோமீட்டர் தள்ளித்தான். மனநோய்க்கு மாத்திரை வாங்கி வந்தபின் உடம்பில் விநோதமான அசைவு கண்டால், முதலில் கவனிக்க வேண்டியவர்கள் வீட்டார்.

பிரமை உண்டாக்கும் மனநோய்க்குத் தரும் மருந்துகள் மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைத் தடுக்கின்றன. பிரமையைத் தணிப்பது அதுதான்; தசைகளின் இயக்கத்தைக் குலைப்பதும் அதுதான்.

முதல் வேலை, தேதி பார்ப்பது. மருந்து தொடங்கிய, அல்லது அளவு கூட்டிய சில நாட்களுக்குள் கழுத்து ஒருபக்கம் இழுக்கும், கண்கள் மேலே செருகும், தாடை பூட்டிக்கொள்ளும். ஹாலோபெரிடால் போன்ற மருந்துகளில், குறிப்பாக இளைஞர்களிடம், இது அதிகம். பேய் என்று மந்திரிக்க ஓடி நேரத்தை வீணாக்காமல் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு மருந்துச் சீட்டோடு போங்கள். உரிய ஊசி போட்டால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தளர்ந்துவிடும். மூச்சோ விழுங்குவதோ சிரமமானால் 108-ஐ அழையுங்கள்.

ஓரிடத்தில் உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருக்கிறாரா? "காலை அசைக்காம இருக்க முடியலையாப்பா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் டாக்டரிடம் அதே வார்த்தையில் சொல்லுங்கள். நோய் முற்றியதாக எண்ணி அளவைக் கூட்டினால் தவிப்பு இன்னும் பெருகும். கவனிப்பில் மிக எளிதாகத் தப்பிப்போவது இதுதான்.

மாதங்கள், வருடங்கள் கழித்து வரும் அசைவுக்கு வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்காரவைத்து, வாயில் வெற்றிலையோ வேறெதுவோ இருந்தால் துப்பச் சொல்லுங்கள். கைகள் முழங்கால் மேல் இருக்கட்டும். வாயைத் திறந்து நாக்கைச் சும்மா வைத்திருக்கச் சொல்லிப் பாருங்கள். பிறகு கட்டைவிரலை மற்ற விரல்களால் ஒவ்வொன்றாகத் தட்டச் சொல்லுங்கள், கடைசியில் நடக்கவையுங்கள். எல்லாவற்றையும் செல்போனில் வீடியோ படமெடுங்கள். டாக்டர் எதிரே சில நிமிடங்கள் அசைவு அடங்கியிருக்கலாம். படம் பொய் சொல்லாது.

நாக்கு நெளிந்து, வாய் மெல்லுவதுபோல் அசைந்தால் டார்டைவ் டிஸ்கைனீசியாவாக இருக்கலாம். நாக்கு அசையாமல் உதடு மட்டும் வேகமாக மேலும் கீழும் துடித்தால் அது 'முயல் நோய்க்குறி'. உடம்பு ஒருபக்கம் சாய்ந்தே நின்றால் 'பீசா நோய்க்குறி'. பின்னிரண்டும் 1972-இல் மருத்துவ ஏடுகளில் விவரிக்கப்பட்டவை. பேசிடேன் மாத்திரை முயல் நோய்க்குறிக்கு உதவும், டார்டைவை மோசமாக்கலாம். ஆகவே மருந்துக்கடையில் தாங்களாகக் கேட்டு வாங்கக் கூடாது. டார்டைவுக்கு டெட்ராபெனசின் போன்ற வேறு மருந்துகள் உண்டு.

பயந்து மாத்திரையைச் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். நோய் திரும்பும், சில சமயம் அசைவும் கூடும். ஒரே விதிவிலக்கு: கடும் காய்ச்சல், உடம்பு விறைப்பு, குழப்பம் மூன்றும் சேர்ந்தால் அடுத்த மாத்திரை கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பெங்களூர் போக நாளாகும் என்றால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி-மானஸின் 14416-ஐ அழையுங்கள். இரவிலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.