சுவரும் ஒரு விளக்குதான்

பொங்கலுக்கு இன்னும் மூன்று வாரம். ஊரிலிருந்து விருந்தாளிகள் வரப்போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டின் முன்னறையோ இருண்டு கிடக்கிறது. சுவரில் தலை சாய்த்துச் சாய்த்து ஏறிய எண்ணெய்க் கறை, மூலைகளில் ஒட்டடை. பெரிய பல்பாக வாங்கி மாட்டலாம் என்கிறார் ஒருவர். விலை உயர்ந்த பெயிண்ட் அடிக்கலாம் என்கிறார் இன்னொருவர். இரண்டுக்கும் பணம் வேண்டும். சில கிலோ சுண்ணாம்பும், ஒரு நார் மட்டையும், இரண்டு நாள் உழைப்பும் இருந்தாலே அறை மாறிவிடும் என்பது என் கட்சி. அதற்கு இயற்பியல் என்ன சாட்சி சொல்கிறது என்று பார்ப்போமா?

அறையில் எரியும் பல்பு 100 பங்கு ஒளி தருகிறது என்க. புதிதாக வெள்ளையடித்த சுவர், தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். அந்த 80 பங்கு மற்றச் சுவர்களில் விழுகிறது. அவற்றிலிருந்து 64 பங்கு திரும்புகிறது. அதிலிருந்து 51.2 பங்கு. இப்படியே போய்க்கொண்டிருக்கும். 100 + 80 + 64 + 51.2 + … என்னும் இந்தப் பெருக்குத் தொடரின் கூடுதல் என்ன? 100-ஐ 0.2-ஆல் வகுத்தால் 500! அழுக்கேறிய சுவர் 40 சதவீதம்தான் திருப்பும் என்றால் தொடர் 100 + 40 + 16 + 6.4 + … என்று விரைவில் தேய்ந்துவிடும். கூடுதல் 167-ஐத் தாண்டாது. அதே பல்பு, அதே மின்சாரம், ஆனால் சுவர்களில் விழும் ஒளி மூன்று மடங்கு.

“100 பங்கு எப்படி 500 ஆகும்? ஆற்றல் அழிவின்மை விதி என்ன ஆயிற்று?” என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். சுவரில் விழும் 500 பங்கில் 20 சதவீதத்தைச் சுவர் விழுங்குகிறது. கணக்கிட்டுப் பாருங்கள், சரியாக 100 பங்கு. பல்பு கொடுத்ததும் அதுவே. ஒளி புதிதாகப் பிறக்கவில்லை. சுவரில் மறைவதற்குமுன் அறையைப் பலமுறை வலம் வருகிறது, அவ்வளவுதான்.

உண்மையான அறையில் சன்னல் உண்டு, கதவு உண்டு, சிவப்புத் தரை உண்டு, அலமாரி உண்டு. இவற்றையெல்லாம் சேர்த்துச் சராசரி பார்த்தால், வெள்ளையடித்தபின் 60 சதவீதமும் அதற்குமுன் 30 சதவீதமும் என்று கொள்வது நியாயமாக இருக்கும். அப்போது தொடரின் கூடுதல் முறையே 250, 143. விகிதம் ஏறத்தாழ ஒன்றே முக்கால். அதாவது 9 வாட் எல்.இ.டி. பல்பைக் கழற்றிவிட்டுச் சுமார் 16 வாட் பல்பு மாட்டுவதற்குச் சமம். பெரிய பல்புக்கு மாதாமாதம் கட்டணம் கட்ட வேண்டும். சுவர் கட்டணம் கேட்பதில்லை. விருந்தாளிகள் ஊர் திரும்பிய பிறகும் இரவில் அதே அறையில்தானே நீங்கள் படிக்கப்போகிறீர்கள்?

என் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். வெள்ளையடிப்பதற்கு முன்பே இந்தச் சோதனையைத் தொடங்கிவிட வேண்டும். செருப்பு வாங்கிய நீளமான அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்து, உள்ளே முழுவதும் கறுப்புக் காகிதம் ஒட்டுங்கள். ஒரு முனையில் சிறிய சன்னல் வெட்டி, அதில் வெள்ளைத் தாளை ஒட்டி, தாளின் நடுவே ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் வையுங்கள். உள்ளே ஒரு டார்ச் பல்பை, குச்சியில் கட்டி, முன்னும் பின்னும் நகர்த்தும்படி அமைத்துப் பெட்டியை மூடிவிடுங்கள். இரவில் சன்னல், கதவைச் சாத்திவிட்டு, தாள் சுவரைப் பார்க்கும்படி பெட்டியை மேசைமேல் வையுங்கள். அறைப் பல்பின் ஒளி தாளில் நேராக விழாதபடி ஓர் அட்டையால் மறைத்துக்கொள்ளுங்கள். சுவரிலிருந்து வரும் ஒளி மட்டுமே நமக்கு வேண்டும்.

பெட்டிக்குள் ஒளி குறைவாக இருந்தால் எண்ணெய்ப் பொட்டு இருட்டாகத் தெரியும். மிகுதியாக இருந்தால் பளிச்சென்று தெரியும். இரண்டுக்கும் இடையே ஓரிடத்தில் பொட்டு ஏறக்குறைய மறைந்துவிடும். அப்போது தாளுக்கும் டார்ச் பல்புக்கும் உள்ள தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். (வேதியியல் ஆய்வகத்தில் அடுப்புக்குப் பெயர் தந்திருக்கிறாரே, அதே புன்சன் வகுத்த ஒளிமானியின் ஏழை வீட்டுத் தம்பி இது!) வெள்ளையடித்துச் சுவர் நன்றாக உலர்ந்தபின், புது பாட்டரி போட்டு, அதே இடத்தில், அதே அறைப் பல்பைக்கொண்டு மீண்டும் அளக்க வேண்டும். முதல்முறையும் புது பாட்டரிதான் போட்டிருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. எடுத்துக்காட்டாக, முன்பு 24 செ.மீ., பின்பு 18 செ.மீ. என்று வந்தால், தலைகீழ் இருமடி விதிப்படி 24/18-இன் இருமடி, அதாவது சுமார் 1.8 மடங்கு ஒளி கூடியிருக்கிறது.

இன்னொரு சோதனை ஒரு நிமிட வேலை. சுவரில் ஒரு சொட்டு நீர் வையுங்கள். சுவர் அதை உறிஞ்சிக்கொண்டால் நம் திட்டம் நடக்கும். நீர் முத்தாகத் திரண்டு வழிந்தால் அந்தச் சுவருக்கு முன்பே எண்ணெய்ப் பெயிண்டோ பிளாஸ்டிக் பெயிண்டோ அடித்திருக்கிறார்கள், நுண்துளைகள் அடைபட்டுவிட்டன. அங்கே சுண்ணாம்பு பிடிக்காது, பொருக்காக உதிரும். வீண் முயற்சி வேண்டாம்.

இனிச் சுண்ணாம்புக்கு வருவோம். சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் இட்டுச் சுடுகிறார்கள். கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோ சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிலோ காற்றோடு போய்விடும். இந்த எடை இழப்பை நிறுத்துப் பார்த்து, அதற்குக் காரணம் ஒரு வாயுவே என்று 1756-இல் எழுதிக் காட்டியவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜோசப் பிளாக். சுட்ட சுண்ணாம்பில் நீர் சேர்த்தால் அது நீற்றிய சுண்ணாம்பு ஆகிறது. இதைச் சுவரில் பூசினால், ஈரத்தில் கரையும் கரியமில வாயுவை மெல்ல மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. ஆக, வெள்ளையடிப்பது என்பது சுவரின்மேல் மெல்லிய கல் ஏட்டை வளர்ப்பதே.

இங்கே நின்று ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். சுட்ட சுண்ணாம்பை நீற்றும்போது எழும் வெப்பம் விளையாட்டல்ல. ஒரு கிலோவிலிருந்து சுமார் 1,160 கிலோஜூல் வெளிப்படும். 30 டிகிரி வெப்பநிலையில் உள்ள நீர் ஏறத்தாழ 4 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக அது போதும்! ஆகவே நீற்றும் வேலை பெரியவர்களுடையது. நீங்கள் எட்ட நின்று பாருங்கள். நிறைய நீரை முதலில் வைத்துக்கொண்டு அதில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சுண்ணாம்புக் குவியல்மேல் நீரை ஊற்றினால் கொதிக்கும் குழம்பு முகத்தில் தெறிக்கும். பிளாஸ்டிக் வாளி இளகிவிடும். அலுமினியப் பாத்திரத்தைச் சுண்ணாம்பு அரித்து ஹைட்ரஜனை வெளியேற்றும். இரும்பு டிரம் நல்லது. முன்பே நீற்றிய சுண்ணாம்புத் தூள் கடையில் பையில் கிடைத்தால் அதையே வாங்குங்கள். நான்கு காசு கூடுதலானாலும் மாணவர்களுக்கு அதுவே ஏற்றது.

நீற்றி ஆறிய பிறகும் சுண்ணாம்பு கடுமையான காரம்தான். கூரைக்கு அடிக்கும்போது ஒரு துளி கண்ணில் விழுந்தால் பார்வைக்கே கேடு வரலாம். அமிலத்தைவிடக் காரம் கண்ணின் திசுக்களுக்குள் ஆழமாக இறங்கக்கூடியது. எனவே பக்கம் மூடிய கண்ணாடி, முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு ஆகியவை இல்லாமல் மட்டையைத் தொடாதீர்கள். துளி விழுந்துவிட்டால் கசக்கக் கூடாது. இமையைப் பிரித்துப் பிடித்து, ஓடும் நீரில் குறைந்தது இருபது நிமிடம் கழுவி, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். சுவரை நனைக்குமுன் மெயின் சுவிட்சை நிறுத்திவிடுங்கள்.

ஒரு கிலோ சுண்ணாம்புக்குச் சுமார் 5 லிட்டர் நீர் என்று கரைத்து, ஒருநாள் ஊறவிட்டு, கந்தைத் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். மோர் பதம் இருக்க வேண்டும். ஒட்டுவதற்குக் கொஞ்சம் அரிசிக் கஞ்சியோ வச்சிரமோ சேர்ப்பதுண்டு. கல்லுப்பு ஒரு பிடி போடுவார்கள். அது ஈரத்தைப் பிடித்துவைக்கும். சுவரைத் துடைத்து, நீர் தெளித்து நனைத்த பிறகே முதல் பூச்சு. காய்ந்த சுவரில் அடித்தால் சுவர் நீரை வெடுக்கென்று உறிஞ்சிவிடும். ஈரமில்லாத சுண்ணாம்பு கரியமில வாயுவை வாங்க மாட்டாது. வெறும் பொடியாக நின்றுவிடும். பிறகு சாய்ந்து உட்காரும் மாமாவின் வேட்டி சட்டையெல்லாம் வெள்ளை அப்பிக்கொள்ளும்.

முதல் பூச்சு அடித்தவுடன் புதிதாகச் செய்பவர்களுக்கு ஏமாற்றம்தான். ஈரச்சுவரில் பழைய கறையெல்லாம் அப்படியே தெரியும். “பதம் போதவில்லை” என்று குழம்பாகக் கரைத்து அப்பத் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள்! கெட்டியான பூச்சு வெடித்துப் பெயர்ந்துவிடும். மெல்லிய பூச்சு உலரட்டும், சில மணி நேரத்தில் அதே சுவர் வெளுத்துக்கொண்டு வருவதைப் பார்ப்பீர்கள். இந்த மாற்றம் எங்கிருந்து வந்தது?

விடை அடுக்களையில் இருக்கிறது. கல்லுப்பின் ஒரு படிகத்தை உற்றுப் பாருங்கள், கண்ணாடிபோல் இருக்கும். அதையே பொடித்தால் வெண்மை. அந்தப் பொடியில் தேங்காய் எண்ணெய் விட்டால் வெண்மை குன்றி, மங்கிய கண்ணாடிபோல் ஆகிவிடுகிறது. உப்பு மாறவில்லை, இடைவெளியில் இருந்த காற்றுதான் போய்விட்டது. ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும் எல்லையில் ஒரு பகுதி திரும்புகிறது. இரண்டின் ஒளிவிலகல் எண்களுக்குள் வேறுபாடு மிகுந்தால் திரும்பும் பகுதியும் மிகும். சுண்ணாம்புத் துகளுக்கு அந்த எண் ஏறக்குறைய 1.6, நீருக்கு 1.33; காற்றுக்கு 1. துகளுக்கும் காற்றுக்கும் உள்ள எல்லையில் நேராக விழும் ஒளியில் 5 சதவீதத்துக்குச் சற்று மேல் திரும்பும். துகளைச் சுற்றி நீர் இருந்தால் ஒரு சதவீதம்கூட இல்லை; ஆறில் ஒரு பங்குதான். நீர் ஆவியாகிக் காற்று நுழைந்ததும் ஆயிரக்கணக்கான எல்லைகளில் ஒளி சிதறித் திரும்புகிறது. சுவரின் வெண்மைக்குப் பாதிக் காரணம் சுண்ணாம்பு, மீதி காற்று என்றே சொல்லலாம். எனவே ஈரத்தில் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாமல், மெல்லிய பூச்சாக, ஒன்று உலர்ந்தபின் ஒன்றாக, இரண்டோ மூன்றோ அடியுங்கள். ஒன்றை மேலும் கீழுமாக இழுத்தால் அடுத்ததைக் குறுக்காக இழுங்கள்.

கடைசிப் பூச்சில் நீலம் கலப்பது வழக்கம். வெளிச்சம் கூடும் என்பதற்காக அல்ல; உண்மையில் சிறிது குறையும். சுண்ணாம்பில் இயல்பாக உள்ள மஞ்சள் சாயலை நீலம் விழுங்கிவிடுவதால் கண்ணுக்குத் தூய வெண்மையாகப் படுகிறது. பழைய நாளில் இந்த நீலத்தை ஆப்கானிஸ்தானத்து வைடூரிய நீலக்கல்லை அரைத்து எடுத்தார்கள். பொன்னுக்கு நிகரான விலை. 1828-இல் பிரான்சில் கிமே என்பவர் அதைச் செயற்கையாகச் செய்யும் வழியை அறிவித்த பிறகே ஏழை வீட்டுச் சுவருக்கும் அது எட்டியது. நீலப் பொடியே வாங்குங்கள். பேனா மை போன்ற சாயங்களைச் சுண்ணாம்பின் காரம் பல நேரம் வெளுக்கச் செய்துவிடும். துணியில் முடிந்து நீரில் கலக்கி, துளித் துளியாகச் சேருங்கள். சுவர் நீலமாகத் தெரிந்தால் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள்.

அழகுக்கு ஒரு காவிப் பட்டை போதும் என்பேன். காவி இரும்பு ஆக்சைடு. சுண்ணாம்பின் காரம் அதை ஒன்றும் செய்யாது. தரையிலிருந்து ஓரடி உயரம்வரை காவி பூசிவிட்டால் துடைப்பம் பட்ட கறையும் தெரியாது. அதன் மேல்விளிம்பு கோணாமல் வர வேண்டுமே? தரையிலிருந்து அளந்தால் பெரும்பாலும் கோணும். நீர் கழுவி விடுவதற்காகத் தரை வாசலை நோக்கிச் சரிந்திருக்கும். கொத்தனார் செய்வதையே செய்யுங்கள். தெளிவான பிளாஸ்டிக் குழாயில் நீர் நிரப்பி, ஒரு முனையை ஒரு மூலையிலும் மற்ற முனையை அடுத்த மூலையிலும் பிடித்தால், இரு முனைகளிலும் நீர்மட்டம் ஒரே உயரத்தில் நிற்கும். நடுவில் காற்றுக்குமிழி சிக்கியிருந்தால் மட்டம் பொய் சொல்லும்; குழாயைத் தட்டிக் குமிழியை வெளியேற்றிய பிறகு அடையாளமிடுங்கள். பிறகு காவிப் பொடி தடவிய நூலை இரண்டு அடையாளங்களுக்கும் இடையே இழுத்துக் கட்டி, நடுவில் பிடித்துச் சுவருக்கு நேர்குத்தாக ஒருமுறை இழுத்து விடுங்கள். மேலாகவோ கீழாகவோ சாய்த்து இழுத்தால் கோடு இரட்டையாக விழும்.