களப்பணிக்கு வரும் பிள்ளைகளுக்கு

சமூகப்பணி முதுகலையில் இந்த ஆண்டு சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, முப்பது வருடம் கிராமங்களில் வேலை பார்த்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

1. "ஊருக்கு நல்லது செய்ய மனசு போதாதா, பட்டம் எதற்கு?" என்று வீட்டில் கேட்பார்கள். போதாது. மேரி கிளப்வாலா ஜாதவ் இரண்டாம் உலகப் போர்க்காலத்திலிருந்தே தொண்டில் ஊறியவர். அவர்தான் 1952-ல் சென்னையில் சமூகப்பணிக் கல்லூரியைத் தொடங்கினார். நல்ல மனசுக்கும் பயிற்சி வேண்டும்.

2. நான் படித்ததை மறந்து செய்த தவறு ஒன்று. முதல் ஊரில் தலைவர் கைகாட்டிய இடத்திலேயே அடிபம்பு போட ஏற்பாடு செய்தேன். தண்ணீர் நன்றாகவே வந்தது. சில மாதம் கழித்துத்தான், வகுப்பில் சொல்லிக்கொடுத்த மாதிரி, காலனி வேப்பமரத்தடியில் பெண்களைக் கோலமாவால் ஊர்ப்படம் வரையச் சொன்னேன். தண்ணீர் எடுக்கும் இடத்தில் ஆளுக்கொரு புளியங்கொட்டை வைக்கச் சொன்னேன். கொட்டைகளெல்லாம் தொலைவில் இருந்த வயல் கிணற்றைச் சுற்றியே குவிந்தன. என் பம்புக்குப் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. ஏன் என்றேன். "அந்தத் தெருவுல நாங்க குடத்தை வைக்க முடியுமாம்மா?" என்றார் ஒரு பாட்டி. இன்றும் அந்தக் குரல் காதில் இருக்கிறது. தலைமைப் பண்பு பற்றிய பாடம் மேடையில் பேசக் கற்றுத்தருவதற்கல்ல. யாரை இன்னும் கேட்கவில்லை என்று தேடச் சொல்வதற்கு.

3. களப்பணிக் குறிப்பேட்டை அன்றிரவே எழுதுங்கள். மறுநாள் எழுதினால் உங்கள் கருத்துதான் மிஞ்சும்.

4. சட்டத்தைக் கரைத்துக் குடியுங்கள். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-ல் வந்தது. கிராம சபை கூட 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர் வேண்டும். 10,000 பேருக்கு மேல் என்றால் 300 பேர். இது தெரியாமல் கூட்டம் சேர்த்து ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கோரிக்கையை வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று படித்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.

5. உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-ல் சட்டமானது. ஆனாலும் பல ஊர்களில் தலைவியின் கணவர்தான் பதில் சொல்வார். அவரோடு சண்டை வேண்டாம். கேள்வியைத் தலைவியின் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள், அவர் வாய் திறக்கும்வரை காத்திருங்கள். அந்த மௌனம் நீளமாகத்தான் இருக்கும், பொறுங்கள்.

6. நியாயமான சம்பளம் கேளுங்கள். இதில் வெட்கம் கூடாது. பட்டினி கிடந்து இரண்டே வருடத்தில் வேலையை விட்டுப்போன நல்ல பிள்ளைகள் எத்தனையோ பேர்.

7. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கிராம சபை கூடும். அடுத்து எது வருகிறதோ, அன்று உங்கள் சொந்த ஊர்க் கூட்டத்துக்குப் போங்கள். முதல் தடவை பேச வேண்டாம். கடைசி வரிசையில் பெண்களோடு தரையில் உட்காருங்கள்.