காப்புப் பிரதிகளும் வட்டின் கொள்ளளவும்

களப்பணி நிலையம் ஒன்றில் காலை வேளையில் நிகழக்கூடிய ஒரு காட்சியை முதலில் கவனிப்போம். முந்திய நாள் திரட்டிய மண் மாதிரிகளின் விவரங்களைப் பதிவு செய்ய ஊழியர் முற்படுகிறார். விவரங்களைத் தட்டச்சுச் செய்து முடித்து, சேமிக்கும் பொத்தானை அழுத்தியதும், வட்டில் இடமில்லை என்ற செய்தி திரையில் தோன்றுகிறது. மீண்டும் முயல்கிறார், அதே செய்திதான். பள்ளி அலுவலகத்தில் மாணவர்களின் மதிப்பெண்களைப் பதியும் ஆசிரியருக்கும் இவ்வனுபவம் நேரலாம். சர்வர் பழுதடையவில்லை, மின்சாரமும் நிற்கவில்லை. ஆராய்ந்து பார்த்தால், விவரங்களைப் பாதுகாக்கும் பொருட்டு இரவுதோறும் எடுக்கப்பட்டுவந்த காப்புப் பிரதிகளே வட்டு முழுவதையும் அடைத்துக்கொண்டிருப்பது தெரியவரும்.

இந்நிலையில் அவசரப்பட்டுக் கண்ணிற்பட்ட கோப்புகளை நீக்கிவிடுவது பல இடங்களில் வழக்கமாக உள்ளது. அவ்வழக்கத்தினால் விளையும் கேடு, வட்டு நிரம்புவதால் விளையும் கேட்டினும் பன்மடங்கு பெரிதாகலாம். எந்தக் கோப்பு, எதனால், எவருடைய ஏற்பாட்டின்படி உண்டாயிற்று என்று அறிந்த பின்னரே நீக்கத்தில் இறங்குதல் வேண்டும். அதற்குரிய முறையை லினக்ஸ் அமைப்பில் இயங்கும் சர்வரை எடுத்துக்கொண்டு ஈண்டு விளக்குவோம்.

வட்டு நிரம்புவதன் கணக்கு மிக எளியது. ஒரு நிலையத்தின் சர்வரில் 500 ஜிகாபைட் கொள்ளளவுள்ள வட்டு இருப்பதாகக் கொள்வோம். இயக்க அமைப்பு, செயல்நிரல்கள், நடப்பு விவரங்கள் ஆகியவை 80 ஜிகாபைட் போக, எஞ்சியது 420. இரவுதோறும் 6 ஜிகாபைட் அளவுள்ள முழுப் பிரதி ஒன்று எடுக்கப்படின், 70 நாட்களில் வட்டு நிரம்பிவிடும். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. எழுதுவதற்கு ஏற்பாடு செய்தவர், நீக்குவதற்கு ஏற்பாடு செய்யவில்லை, அவ்வளவே.

எவ்வளவு, எங்கே?

முதலில் ‘டி. எஃப்.’ என்னும் கட்டளையை இட்டு, எந்தப் பகுதி நிரம்பியுள்ளது என்று பார்க்க வேண்டும். ஒரே வட்டு பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கலாம். ஒரு பகுதியில் இடம் நிறைய இருக்கும்போதே மற்றொரு பகுதி நிரம்பிவிடக்கூடும். இக்கட்டளையுடன் ‘ஐ’ என்னும் குறியைச் சேர்த்து இட்டால், ஐநோடு எனப்படும் கோப்புக் குறிப்புகள் எத்தனை எஞ்சியுள்ளன என்பது தெரியும். ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் ஐநோடு தேவை. லினக்ஸ் சர்வர்களில் பெரிதும் வழங்கும் எக்ஸ்ட்-4 என்னும் கோப்பு அமைப்பில் இவற்றின் எண்ணிக்கை, வட்டைத் தயார் செய்யும்போதே வரையறுக்கப்பட்டு விடுகிறது. பிரதிகளைச் சிறு சிறு கோப்புகளாக இலட்சக்கணக்கில் எழுதும் ஏற்பாடு இருந்தால், இடம் மிகுதியாக இருந்தும் ஐநோடு தீர்ந்துபோய், இடமில்லை என்ற அதே செய்தி வரும். மேலும், இவ்வமைப்பில் நூற்றுக்கு 5 பங்கு இடத்தை நிர்வாகிக்கென ஒதுக்கிவைப்பது இயல்பான ஏற்பாடு. சிறிதளவு இடம் மீந்திருந்தும் சாதாரண ஊழியருக்கு அது கிட்டாமற் போவதற்குக் காரணம் இதுவே.

அடுத்து, ‘டி. யு.’ என்னும் கட்டளையால் ஒவ்வொரு கோப்புறையும் எவ்வளவு இடத்தைக் கொண்டுள்ளது என்று மேலிருந்து கீழாக இறங்கிக் காணலாம். பெரிய கோப்புகள் கிடைத்தவுடன் அவற்றின் தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொள்க. எல்லாம் அதிகாலை 2 மணிக்கு எழுதப்பட்டவையாயின், அந்நேரத்திற்கு ஏதோ ஒரு கால அட்டவணை வேலை செய்கிறது என்பது உறுதி. அவ்வட்டவணை ‘கிரான்’ என்னும் பகுதியிலோ ‘சிஸ்டம்-டி’யின் நேரக் கருவிகளிலோ எழுதப்பட்டிருக்கும். ஒரே விவரங்களுக்கு இருவர் இருவேறு காலங்களில் செய்த இரண்டு ஏற்பாடுகள் ஒருங்கே இயங்கிவருவதும் உண்டு. முன்னவர் மாற்றலாகிச் சென்றிருப்பார். அவர் அமைத்த வேலை மட்டும் மாற்றலின்றி நடந்துகொண்டிருக்கும்.

கணக்கில் வராத இடம்

சில வேளைகளில் வட்டு நிரம்பிவிட்டதாக டி. எஃப். கூறும், கோப்புகளைக் கூட்டிப் பார்க்கும் டி. யு. கட்டளையோ பாதி இடமே செலவாயிருப்பதாகக் கூறும். இம்முரண்பாட்டைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. இதற்கு முக்கியமாக இரண்டு காரணங்கள் உள.

ஒரு செயல்நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை நாம் நீக்கினால், அதன் பெயர் மட்டுமே மறைகிறது. அந்நிரல் கோப்பை மூடும் வரையில் இடம் திரும்பக் கிடைப்பதில்லை. ‘எல். எஸ். ஓ. எஃப்.’ என்னும் கட்டளையால், பெயரிழந்தும் இடத்தை விடாத இத்தகைய கோப்புகளைக் கண்டறியலாம். உரிய நிரலை முறைப்படி நிறுத்தித் தொடங்கினால் இடம் விடுபடும்.

இரண்டாவது காரணம் சற்று நுட்பமானது. லினக்ஸ் அமைப்பில் வெளிவட்டு ஒன்றை இணைக்கும்போது, அது ஏதேனும் ஒரு வெற்றுக் கோப்புறையின் மீது பொருத்தப்படுகிறது. அதன்பின் அக்கோப்புறையில் எழுதுவன எல்லாம் வெளிவட்டிற்சென்று சேரும். ஏதோ ஓர் இரவில் வெளிவட்டு பொருத்தப்படாமற் போயிற்று என்று வைத்துக்கொள்வோம். காப்புப் பிரதி எடுக்கும் நிரலுக்கு இது தெரியாது. கோப்புறை கண்ணெதிரே இருக்கிறது. ஆதலால் அதிலேயே எழுதிவிடுகிறது. அவ்வாறு எழுதப்பட்டது உண்மையில் சர்வரின் சொந்த வட்டிலேயே தங்கும். மறுநாள் வெளிவட்டை மீண்டும் பொருத்தியதும், முந்திய இரவின் கோப்புகள் அதன் அடியில் மறைந்துபோகும். பாய் விரித்த தரையில் பாய்க்கு அடியில் கிடக்கும் பொருள்களைப்போல அவை கண்ணுக்குப் புலப்படா. இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டிருக்கும். வெளிவட்டைச் சிறிது நேரம் கழற்றிவிட்டு அக்கோப்புறையினுள் பார்த்தால் உண்மை விளங்கும். வெளிவட்டு பொருத்தப்பட்டுள்ளதா என்று சோதித்த பின்னரே எழுதத் தொடங்கும்படி நிரலைத் திருத்துவதே நிலையான மருந்து.

தரவுத்தளத்தின் உட்கோப்புகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் தன் மாறுதல்களைப் ‘பைனரி லாக்’ என்னும் கோப்புகளில் எழுதிவைக்கிறது. அதன் 8.0 பதிப்பில் இவை இயல்பாக 30 நாட்கள் வைத்திருக்கப்படுகின்றன. போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்திலும் இத்தகைய முன்பதிவுக் கோப்புகள் உண்டு. அவை அளவுமீறிப் பெருகினால், அவற்றை வேறிடத்திற்கு அனுப்பும் ஏற்பாடு தடைப்பட்டுள்ளது என்றோ, கைவிடப்பட்ட ஒரு துணைச் சர்வருக்காகக் காத்துக்கிடக்கின்றன என்றோ ஐயுறலாம். பழைய பிரதிகள் போலத் தோன்றினும் இவற்றைக் கையால் நீக்குதல் கூடவே கூடாது. தரவுத்தளம் மறுமுறை எழுந்திராமற் போகக்கூடும். தரவுத்தளத்திற்கே உரிய கட்டளைகளின் வாயிலாகத்தான் இவற்றைக் குறைக்க வேண்டும்.

வெற்றுப் பிரதிகள்

வட்டு நிரம்பிய இரவில் எடுக்கப்பட்ட பிரதி பாதியில் முறிந்திருக்கும். பெயரும் தேதியும் மட்டும் ஒழுங்காக இருக்கும். இதனினும் கொடியது ஒன்றுண்டு. தரவுத்தளத்தின் பிரதியை எடுக்கும் நிரலும், அதைச் சுருக்கும் ‘ஜிஜிப்’ நிரலும் ஒன்றன்பின் ஒன்றாகக் குழாய்போல் இணைக்கப்படுவது வழக்கம. கடவுச்சொல் மாறியதனாலோ வேறு காரணத்தாலோ முதல் நிரல் எதையும் தராமல் தோல்வியுற்றாலும், ஜிஜிப் தனக்குக் கிடைத்த சூனியத்தைச் சுருக்கி 20 பைட் அளவுள்ள ஒரு கோப்பை உண்டாக்கிவிட்டு, வேலை வெற்றி என்று அறிவித்துவிடும். இறுதி நிரலின் முடிவையே முழு வேலையின் முடிவாகக் கொள்வது கட்டளை உறையின் இயல்பு.

இப்போது, அண்மைய 7 பிரதிகளை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குக என்ற விதியும் அதே சர்வரில் இருக்கிறது என்று கருதுக. நாள்தோறும் ஒரு வெற்றுக் கோப்பு வரும். நாள்தோறும் நல்ல பிரதி ஒன்று நீங்கும். ஏழு நாட்களின் முடிவில் 20 பைட் கோப்புகள் ஏழு மட்டுமே மிஞ்சும். வட்டில் இடமோ தாராளமாக இருக்கும்! பாஷ் உறையில் ‘பைப்ஃபெயில்’ என்னும் விருப்பத்தை இயக்கி வைத்தால், இடையில் நேரும் தோல்வியும் தோல்வியாகவே அறிவிக்கப்படும். புதிய பிரதி முழுமையானது என்று உறுதிப்பட்ட பின்னரே பழையதை நீக்கும்படி வரிசையை அமைக்க வேண்டும். இதற்காக ஒரு பிரதிக்குரிய இடம் எப்போதும் மிகுதியாக இருத்தல் வேண்டும்.

இவ்விஷயத்தில் பெரிய நிறுவனங்களும் விலக்கல்ல. கிட்லாப் என்னும் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31-ஆம் நாள், துணைச் சர்வர் என்று கருதி முதன்மைச் சர்வரின் தரவுக் கோப்புறையைப் பொறியாளர் ஒருவர் நீக்கத் தொடங்கினார். சுமார் 300 ஜிகாபைட்டில் 4.5 ஜிகாபைட் மட்டுமே எஞ்சியது. காப்புப் பிரதிகளைத் தேடியபோது, பதிப்பு வேறுபாட்டினால் அவை எடுக்கப்படவேயில்லை என்பதும், அத்தோல்வியை அறிவித்த மின்னஞ்சல்கள் ஏற்கப்படாமற் போயின என்பதும் தெரியவந்தன. ஆறு மணி நேரத்திற்கு முன் தற்செயலாக எடுத்துவைத்த வேறொரு பிரதியே அவர்களைக் காப்பாற்றியது.

நீக்கும் முறை

பழைய கோப்புகளைத் தானாக நீக்கும் நிரலை எழுதுவோர், ஜப்பானில் கியோட்டோப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்ததைக் கருத்திற்கொள்ள வேண்டும். அங்குள்ள மீத்திறன் கணிப்பொறியின் காப்புப் பிரதி ஏற்பாட்டில், 10 நாட்களுக்கு மேற்பட்ட பழைய பதிவுக் கோப்புகளை நீக்கும் நிரல் ஒன்று இருந்தது. அந்நிரல் இயங்கிக்கொண்டிருக்கையிலேயே அதன் திருத்திய வடிவம் அதன் மீது எழுதப்பட்டது. பாஷ் உறை நிரலைச் சிறிது சிறிதாகப் படித்தே நிறைவேற்றுவதால், பாதி வழியில் புதிய வடிவத்தைப் படிக்க நேர்ந்தது. கோப்புறையின் பெயரைத் தாங்க வேண்டிய மாறி மதிப்பின்றிக் கிடந்தது. பதிவுக் கோப்புகளுக்கு மாறாக ஆராய்ச்சியாளர்களின் கோப்புகள் நீங்கலாயின. 2021 டிசம்பர் 14 முதல் 16 வரையில் சுமார் 77 டெராபைட் அளவுள்ள, ஏறக்குறைய 3 கோடியே 40 இலட்சம் கோப்புகள் மறைந்தன. 14 ஆராய்ச்சிக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அவற்றுள் 4 குழுக்களின் கோப்புகளை மீட்க இயலவில்லை.

ஆகவே ‘ஃபைண்ட்’ கட்டளையை நீக்கும் குறியுடன் முதலிலேயே இடுவது தகாது. கோப்புறையின் முழுப் பாதை, கோப்புப் பெயரின் வடிவம், வயது ஆகிய மூன்றையும் கொடுத்து, பட்டியலை மட்டும் முதலில் பெறுக. பட்டியலைப் படித்துப் பார்த்த பின்னரே நீக்குக. மதிப்பிடப்படாத மாறி எதிர்ப்பட்டால் உடனே நின்றுவிடும்படி நிரலின் தலைப்பில் ஆணையிடுக. அவசர வேளையில், நீக்குவதைவிட வேறொரு வட்டிற்கு நகர்த்துவது நலம்.

கோப்பின் பெயரை மட்டும் நம்புதல் கூடாது. இக்கட்டுரையாளர் முன்னர்ப் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில், கலைச்சொற் பட்டியல் ஒன்று ‘பழையது’ என்ற பெயருள்ள கோப்புறையில் இருந்தது. வட்டு நிரம்பிய ஒரு நாள், பெயரைக் கண்ட நண்பர் ஒருவர் நல்லெண்ணத்துடன் அதை நீக்கிவிட்டார். திருத்தங்கள் யாவும் அந்தப் ‘பழைய’ பட்டியலிலேயே செய்யப்பட்டு வந்தன என்பது பிறகே தெரிந்தது. அச்சிட்ட தாள்களைத் தேடி எடுத்து மீண்டும் தட்டச்சுச் செய்ய மூன்று மாதங்கள் ஆயின.

எத்தனை பிரதிகளை வைத்துக்கொள்வது என்பது பணியின் தன்மையைப் பொறுத்தது. அண்மைய 7 நாட்கள், 4 வாரங்கள், 12 மாதங்கள் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று வைத்தால் 23 பிரதிகளாகும். மேற்கூறிய நிலையத்தில் இதற்கு 138 ஜிகாபைட் போதும். ஆண்டு முழுவதற்கும் நாளொன்றுக்கு ஒரு பிரதி வைப்பின் 2,190 ஜிகாபைட் வேண்டியிருக்கும். பருவந்தோறும் பதியும் களப்பணிக்கும், ஆண்டிறுதியில் மதிப்பெண் பட்டியலைத் தேடும் பள்ளிக்கும் மாதப் பிரதிகள் பெரிதும் உதவும். இவற்றுள் ஒன்றேனும் வேறு கட்டடத்திலுள்ள வட்டில் இருத்தல் வேண்டும். மூலமும் பிரதியும் ஒரே வட்டில் இருப்பின், வட்டு கெடும் நாளில் இரண்டும் ஒருங்கே போய்விடும்.

மாதம் ஒருமுறை, ஏதேனும் ஒரு பிரதியை வேறொரு கணிப்பொறியில் விரித்துப் பார்த்து, அதிலுள்ள பதிவுகளின் எண்ணிக்கையைத் தேதியுடன் நிலையப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். அவ்வெண், பிரதி எடுத்த நாளில் மூலத்தில் இருந்த பதிவுகளின் எண்ணிக்கையுடன் ஒத்திருத்தல் வேண்டும். ஒவ்வாவிடின், காரணம் தெரியும் வரையில் நீக்கும் வேலையைக் கால அட்டவணையிலிருந்து எடுத்துவிடுக.