டி.என். விசா: பட்டியலில் இருப்பது யார்?

அமெரிக்க வேலை விசாவான எச்1பிக்கு நடக்கும் லாட்டரியில் பெயர் விழாத பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரு யோசனை வழக்கமாகக் கிளம்பும். “கனடாவுக்குப் போயிடு, அங்கேயிருந்து அமெரிக்காவுக்கு ஈஸியா தாண்டிக்கலாம்.” 2025 செப்டம்பரில், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான புதிய எச்1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அமெரிக்க அதிபர் அறிவித்த பிறகு இந்த யோசனைக்கு மவுசு கூடிவிட்டது. சொல்கிறவர் மனதில் இருப்பது டி.என். விசா. அப்படி ஒன்று இருப்பது நிஜம். அதைப் பற்றிச் சொல்லப்படுவதில்தான் பாதிக்குப் பாதி தவறு.

முதலில் அது எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். 1994 ஜனவரி 1 அன்று அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றுக்கும் இடையே நாஃப்டா எனும் தடையற்ற வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. சரக்கு எல்லை தாண்டினால், அதை வடிவமைக்கிறவர், கணக்குப் பார்க்கிறவர், ஆலோசனை சொல்கிறவர் எல்லோரும் தாண்டத்தானே வேண்டும்? அதற்காக ஒப்பந்தத்தில் ஒரு தொழில்பட்டியல் சேர்ந்தது. அந்தப் பட்டியலில் உள்ள வேலைக்கு அமெரிக்கா வருகிறவர்களுக்கானதுதான் டி.என். 2020 ஜூலை 1 முதல் நாஃப்டா போய் யுஎஸ்எம்சிஏ வந்தது. பட்டியல் கிட்டத்தட்ட அப்படியே தொடர்கிறது. ஆக, டி.என். என்பது குடியேற்றத்துக்காகப் போட்ட வழியே அல்ல. வணிக ஒப்பந்தத்தின் ஓர் அத்தியாயம். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வருகிற குழப்பங்கள் பெரும்பாலும் தாமாகவே தீரும்.

நம்பிக்கை: கனடா பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு உரிமை) கிடைத்தால் போதும்.

போதாது. கனடா அல்லது மெக்சிகோ குடியுரிமை வேண்டும். இருபது வருடமாக டொராண்டோவில் வீடு வாங்கி, வரி கட்டி, பிள்ளைகளைப் பெற்று வளர்த்திருந்தாலும், கையில் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட் என்றால் டி.என். இல்லை. மறுபக்கம், எங்கே பிறந்தவர் என்பது இதற்குப் பொருட்டே அல்ல. யாழ்ப்பாணத்தில் பிறந்து ஸ்கார்பரோவில் வளர்ந்து கனடியக் குடியுரிமை வாங்கிய கணக்காளர் தாராளமாக விண்ணப்பிக்கலாம். புதிதாகப் போகிறவர் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டியது இது: கனடியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவே, அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் 1,095 நாட்கள் அந்த நாட்டில் இருந்திருக்க வேண்டும். அதன்பின் விண்ணப்பம் நகரும் வரை காத்திருப்பு. கிடைத்ததும் இந்தியக் குடியுரிமை போய்விடும். குறுக்குவழி என்று இதற்குப் பெயர் வைத்தவர் யாரோ!

நம்பிக்கை: டிகிரி இருக்கிறது, ஐ.டி. வேலை, அமெரிக்கக் கம்பெனியின் ஆபர் லெட்டரும் வந்துவிட்டது. அப்புறம் என்ன?

அப்புறம் பட்டியல் இருக்கிறது. சுமார் அறுபது தொழில்கள். பொறியாளர், கணக்காளர், மருந்தாளுநர், செவிலியர், கல்லூரி ஆசிரியர் எல்லாம் உண்டு. ஹோட்டல் மேலாளரும் உண்டு. காடு வளர்ப்பு நிபுணரும் உண்டு. புயல் வெள்ளத்துக்குப் பின் காப்பீட்டு இழப்பை மதிப்பிடுகிறவருக்குக்கூடத் தனி இடம் உண்டு. பத்திரிகையாளர் இல்லை. டேட்டா சயின்டிஸ்ட் என்ற பெயர் இல்லை. பட்டியல் எழுதிய காலத்தில் அப்படி ஒரு பதவியை யார் கேள்விப்பட்டார்கள்? டாக்டர் இருக்கிறார், ஆனால் கற்பிக்கவோ ஆராய்ச்சி செய்யவோ மட்டும். நோயாளியைப் பார்ப்பது முழுநேரத் தொழில் என்றால் அவர் வேறு விசா தேடவேண்டும்.

நம்மவர் அதிகம் இடறுவது கம்ப்யூட்டர் வேலையில். பட்டியலில் இருப்பது ‘கம்ப்யூட்டர் சிஸ்டம்ஸ் அனலிஸ்ட்’. புரோகிராமர் இல்லை. ஒரு நிறுவனத்தின் தேவையை ஆராய்ந்து, அதற்கேற்ற அமைப்பைத் திட்டமிடுகிறவர் உள்ளே. நாள் முழுக்கக் கோடு எழுதுகிறவர் வெளியே. வேலைக் கடிதத்தில் பதவிப் பெயரை அனலிஸ்ட் என்று போட்டுவிட்டு, கீழே கடமைகளைப் பட்டியலிடும்போது ‘ஜாவாவில் கோடு எழுதுதல்’ என்று முதல் வரியிலேயே எழுதினால், அதிகாரி படிப்பது அந்த வரியைத்தான். பொருளாதார வல்லுநருக்கும் இதே கதை. 2017 நவம்பரில் அமெரிக்கக் குடியேற்றத் துறை தெளிவாகவே சொல்லிவிட்டது: நிதி ஆய்வாளரும் சந்தை ஆய்வாளரும் இந்தத் தலைப்புக்குள் வரமாட்டார்கள்.

பெயர் சரியாக இருந்தும் சிக்கல் வரலாம். கனடாவின் வின்ட்சரிலிருந்து ஆற்றைத் தாண்டி டெட்ராய்ட் ஆஸ்பத்திரிகளுக்கு வேலைக்குப் போகிற செவிலியர்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. காலையில் பாலத்திலோ சுரங்கப்பாதையிலோ போய், ஷிப்ட் முடிந்து வீடு திரும்புகிறவர்கள். 2017 மார்ச்சில் அவர்களில் சிலர் எல்லையில் நிறுத்தப்பட்டார்கள். மயக்க மருந்து தருவதில் தேர்ச்சி பெற்றவர்களும் உயர்நிலைப் பயிற்சி பெற்றவர்களும் பட்டியலில் உள்ள ‘பதிவு பெற்ற செவிலியர்’ அல்ல என்பது அதிகாரிகள் சொன்ன காரணம். விஷயம் செய்தியானதும் அந்த நிலைப்பாடு திருத்தப்பட்டது. கூடுதலாகப் படித்ததே குற்றமாகிப்போன விசித்திரம் அது. பட்டியலை எழுத்துக்கு எழுத்து படிக்கும் முறையில் இப்படியும் நடக்கும்.

நம்பிக்கை: எல்லையில் போய் நின்றால் பத்து நிமிடத்தில் ஸ்டாம்ப்.

கனடியர்களுக்கு இது கிட்டத்தட்ட உண்மை; கேட்கவே பொறாமையாக இருக்கும். அவர்களுக்குத் தூதரக விசாவே தேவையில்லை. பாஸ்போர்ட், வேலைக் கடிதம், டிகிரிச் சான்று, 50 டாலர் கட்டணம். டொராண்டோ பியர்சன் போன்ற விமான நிலையங்களில் அமெரிக்க அதிகாரிகள் கனடிய மண்ணிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கேயே கேட்டு, அங்கேயே முடிவு. எச்1பி போல ஆண்டு உச்சவரம்பு இல்லை, லாட்டரியும் இல்லை. ஆனால் அதே வேகத்தில் ‘இல்லை’ என்றும் சொல்லலாம். பெட்டியோடு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அந்த அபாயம் வேண்டாம் என்றால், கம்பெனி முன்கூட்டியே குடியேற்றத் துறையில் மனுப் போட்டு அனுமதி வாங்கலாம்.

மெக்சிகோக்காரர்களுக்கு ஒரே ஒப்பந்தத்தில் வேறு நடைமுறை. தூதரகத்தில் நேர்காணலுக்குப் போய் விசா வாங்கியே ஆகவேண்டும். 2003 இறுதி வரை ஆண்டுக்கு 5,500 பேர் என்ற வரம்பும் அவர்களுக்கு மட்டும் இருந்தது. விசா கையில் வந்த பிறகும் ஏமாற்றம் உண்டு. கால்நடை மருத்துவம் படித்த சில மெக்சிகர்களை விலங்கியல் விஞ்ஞானி என்ற பெயரில் ஐடஹோ மாநிலத்தில் ஒரு பால் பண்ணை வரவழைத்தது. வந்தவர்களோ, தங்களுக்குக் கிடைத்தது சாதாரணப் பண்ணைக் கூலி வேலைதான் என்று வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றம் தள்ளிவிட்ட அந்த வழக்குக்கு 2022ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுபடி உயிர் கொடுத்தது. பட்டியல் காகிதத்தைக் கறாராகப் பார்க்கிறது. மாட்டுக் கொட்டகைக்குள் எட்டிப் பார்ப்பதில்லை.

நம்பிக்கை: டி.என்.னில் போனால் கிரீன் கார்டு தானாக வரும்.

இங்கேதான் எச்1பி ஒரு படி மேல். எச்1பிக்காரர் கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்துக்கொண்டே வேலை பார்ப்பதை அமெரிக்கச் சட்டம் வெளிப்படையாக ஏற்கிறது. டி.என்.காரர் ஒவ்வொரு முறை எல்லையைத் தாண்டும்போதும், வந்த வேலை தற்காலிகமானது என்று காட்டவேண்டும். ஒரு தடவைக்கு மூன்று வருடம் வரை. எத்தனை தடவை நீட்டிக்கலாம் என்பதற்கு வரம்பில்லை. பதினைந்து வருடம் ‘தற்காலிகமாக’ இருப்பவர்களும் இருக்கலாம். ஆனால் கிரீன் கார்டு மனு கிடப்பில் இருக்கும்போது அடுத்த நீட்டிப்பு கேட்பது கத்திமேல் நடை. டி.என்.னிலிருந்து கிரீன் கார்டு வாங்கியவர்கள் உண்டு. வக்கீலை வைத்து, காலம் பார்த்து வாங்கியவர்கள்.

இன்னொரு அதிர்ச்சி. கிரீன் கார்டு வரிசை பாஸ்போர்ட்டைப் பார்ப்பதில்லை, பிறந்த நாட்டைப் பார்க்கும். கனடியக் குடிமகன் ஆனாலும் சேலத்தில் பிறந்தவர் நிற்பது இந்தியாவின் நெடுவரிசையில்தான். அவர் கட்டியிருப்பது இலங்கையில் பிறந்த பெண்ணை என்றால், மனைவி பிறந்த நாட்டின் வரிசைக்கு மாறிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஜாதகப் பொருத்தத்தில் யாரும் பார்க்காத பொருத்தம் இது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கணவனோ மனைவியோ டி.டி. என்ற அந்தஸ்தில் கூடப் போகலாம், படிக்கலாம், வேலை பார்க்கக் கூடாது. இரண்டு சம்பளத்தை நம்பி வீட்டு வாடகை பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சொந்தமாகக் கம்பெனி தொடங்கி அதற்கே டி.என். வாங்க முடியாது. வேலை போனால் அன்றே கிளம்பவேண்டியதில்லை. 2017 முதல் 60 நாள் வரை அவகாசம் உண்டு. இது ஒருவழிப் பாதையும் அல்ல: நியூ ஜெர்சியில் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட பொறியாளர், இதே ஒப்பந்தத்தைக் காட்டி, உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று நிரூபிக்கும் சடங்கு ஏதுமில்லாமல், கனடாவில் வேலை அனுமதி கேட்கலாம்.